எத்தனை பேருக்கு ஒரு குழாய்?



இம்மாதம் உங்களிடம் ஒரு சிறு வேலை வாங்கப் போகிறேன். இதழைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குள் ஒரு தடவை நடந்து வாருங்கள். இரவில் படுப்பதற்குப் பயன்படும் அறைகள் எத்தனை? அவற்றில் படுப்பவர்கள் எத்தனை பேர்? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலசலகூடம் உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா, அடுத்த வீட்டாரும் அதற்குத்தான் வர வேண்டுமா? கூரையும் சுவரும் ஒரு கடும் மழையைத் தாங்குமா? நாளைக் காலையில் ஒருவர் வந்து "இந்த இடத்தை விட்டு எழும்புங்கள்" என்றால், எடுத்துக் காட்ட உங்கள் அலுமாரியில் என்ன கடதாசி இருக்கிறது?

இந்தக் கேள்விகள் என் கற்பனை அல்ல. ஒரு குடும்பம் சேரியில் வாழும் குடும்பமா இல்லையா என்று தீர்மானிக்க ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பான ஹெபிடாட் வைத்திருக்கும் ஐந்து அளவுகோல்கள் இவைதான். ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல தண்ணீர் எளிதில் கிடைக்க வேண்டும். மலசலகூடம் சொந்தமாகவோ, அளவான சிலரோடு மட்டும் பகிர்ந்துகொள்வதாகவோ இருக்க வேண்டும். கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும். குடியிருக்கும் உரிமைக்குப் பாதுகாப்பு வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்தக் குடும்பம் சேரிக் கணக்கில் சேரும். 2015 ஆம் ஆண்டு உலக நாடுகள் எல்லாம் கூடி ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் பதினோராவது, நகரங்களைப் பற்றியது. 2030 ஆகும்போது எல்லோருக்கும் கையெட்டும் விலையில் பாதுகாப்பான வீடும் அடிப்படை வசதிகளும் கிடைக்க வேண்டும் என்பது அதன் முதல் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்று பார்ப்பதற்கும் இதே அளவுகோலைத்தான் நீட்டுகிறார்கள்.

வசதியான வீட்டில் இருக்கும் சகோதரிகள் ஐந்துக்கும் "ஆம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் கொழும்பிலே வாழைத்தோட்டத்திலும் கொம்பனித்தெருவிலும் மாளிகாவத்தையிலும் கிராண்ட்பாஸிலும் முகத்துவாரத்திலும் நம்மில் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பெருநாளைக்குப் போய் வந்த வீடுகளை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். எத்தனை வீட்டுக்கு ஐந்தும் "ஆம்" வரும்?

வறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அதை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. அளக்கிறவர்களும் என்னத்தை, எதனால் அளக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. வகுப்பறையில் நிற்கும் எனக்கு இது பழக்கமான சங்கதி. வகுப்பின் சராசரிப் புள்ளி 55 என்று அறிக்கையில் எழுதி அனுப்பிவிடலாம், அதிபரும் திருப்திப்படுவார். பின்வாங்கில் 8 புள்ளி எடுத்த பிள்ளை அந்த 55க்குள் மறைந்து போகும். நகரத்து ஏழைகளின் நிலையும் பல இடங்களில் அதுதான்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எல்லா நாடுகளையும் ஒப்பிட்டுக் கணக்கு வைக்கின்றன. அவர்களின் ஏணியில் பல படிகள் உண்டு. நல்ல மூலத்திலிருந்து வரும் தண்ணீரை, போய், வரிசையில் நின்று, நிரப்பி, திரும்பி வர 30 நிமிடத்துக்கு மேல் ஆகாது என்றால் அது "அடிப்படைச் சேவை". 30 நிமிடத்தைத் தாண்டினால் "மட்டுப்பட்ட சேவை" என்று ஒரு படி இறங்கும். வீட்டு வளவுக்குள்ளேயே, வேண்டிய நேரத்தில், மாசில்லாத தண்ணீர் வந்தால் அது மேல்படி.

அளவுகோல் நல்லதுதான். நேரத்தை அளக்க வேண்டும் என்று யாரோ ஒருவருக்கு உதித்திருக்கிறதே, அதற்காகவே பாராட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று அந்தப் படி கேட்கவில்லை. ஒரு நடைக்கு 25 நிமிடம் என்றால் அந்த வீடு "அடிப்படைச் சேவை" பெற்ற வீடு. ஐந்து பேருள்ள வீட்டில் ஆறு நடை நடக்கும் உம்மாவுக்கு 150 நிமிடம், அதாவது இரண்டரை மணித்தியாலம் போய்விடும். இந்த இரண்டரை மணித்தியாலத்துக்குள் எத்தனை இடியப்பத் தட்டு அவிக்கலாம், எத்தனை சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம், ஒரு பிள்ளைக்கு எத்தனை பக்கம் வாசித்துக் காட்டலாம்? அந்தக் கணக்கு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. தண்ணீர் தூக்குவது ஆண்களின் வேலையாக இருந்திருந்தால் எப்போதோ ஏறியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மலசலகூட விஷயத்தில் அந்த ஏணி கொஞ்சம் கண்டிப்பானது. எவ்வளவு நல்ல கட்டடமாக இருந்தாலும் வேறு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்வதென்றால் "அடிப்படைச் சேவை" என்ற பெயர் கிடைக்காது. சிலர் இது மிகையான கண்டிப்பு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஐந்து குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் 25 பேர். ஆளுக்கு 6 நிமிடம் என்றால் 150 நிமிடம். பாடசாலைக்கும் வேலைக்கும் போகிறவர்கள் எல்லோருக்கும் அது தேவைப்படுவது ஒரே நேரத்தில். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் கடைசி ஆளுக்கு ஏழரை மணி. இரவில் தனியே வெளியே போகப் பயந்து அந்தியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் குமர்ப் பிள்ளைகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தர வேண்டும்.

இனி அறைகள். ஓர் அறைக்கு மூன்று பேர் வரை சரி என்கிறது ஐ.நா. அளவுகோல். யார் அந்த மூன்று பேர் என்று அது கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிபர நிறுவனம் கேட்கிறது. அவர்களின் விதிப்படி, கணவன் மனைவிக்கு ஓர் அறை; 18 வயதுக்கு மேற்பட்ட தனியாள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை; 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் ஆண்கள் இருவருக்கு ஒன்று, பெண்கள் இருவருக்கு ஒன்று; அந்த வயதில் ஆணும் பெண்ணும் என்றால் ஆளுக்கு ஒன்று; 12க்குக் கீழ் என்றால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று. இதற்குக் குறைந்தால் அது நெரிசலான வீடு. பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்து வையுங்கள் என்று நாம் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே ஓதிக் கேட்டிருக்கிறோம். அதை ஒரு புள்ளிவிபர அட்டவணையாக எழுதிப் பார்ப்பதற்கு நாம் யாரும் முயலவில்லை. ஐரோப்பிய விதியை அப்படியே நம் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தால் ஒரு வீடும் தேறாது என்பது உண்மைதான். தேறாது என்பதற்காக வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் ஒடுங்கிக் கிடப்பதை "மூன்று பேர்தானே, சரி" என்று எழுதிவிடலாமா?

கொழும்பில் நாம் "தோட்டம்" என்று சொல்வதற்கு வெளியூர்ச் சகோதரிகளுக்கு ஒரு விளக்கம் வேண்டும். மலையகத்துத் தேயிலைத் தோட்டம் அல்ல. துறைமுகமும் வியாபாரமும் பெருகிய பழைய காலத்தில், தொழிலாளிகளை வாடகைக்கு இருத்த, வளவுகளுக்குள் முதலாளிமார் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றையறை வீடுகள். நடுவில் ஒரு குழாய், கோடியில் நாலைந்து கக்கூஸ். 1973 ஆம் ஆண்டு வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தபின் இவற்றில் பெருந்தொகை தனியார் கையிலிருந்து அரசிடம் போனது. வாடகைக்கு இருந்த பலர் அங்கேயே உரிமையோடு தங்கினார்கள். இன்னொரு வகை முடுக்கு வீடுகள்: வாய்க்கால் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் கிடைத்த பலகையும் தகரமும் கொண்டு மக்களே போட்டுக்கொண்டவை. தோட்டத்தாருக்குக் கடதாசி இருக்கலாம், இடம் இல்லை. முடுக்கு வீட்டாருக்குக் கடதாசியும் இல்லை.

இவற்றை எண்ணிப் பார்த்தார்கள். 2001 ஆம் ஆண்டு கொழும்பு மாநகர சபையும் செவனத என்ற தொண்டு நிறுவனமும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் எடுத்த கணக்கில் 1,614 குடியிருப்புகளும் அவற்றில் 77,612 குடும்பங்களும் இருந்தன. பெரும்பாலானவை ஐம்பது வீட்டுக்கும் குறைந்த சின்னஞ்சிறு தோட்டங்கள். அந்தக் கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்தது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், முழுமையாக மேம்பட்டவை, ஓரளவு மேம்பட்டவை, வசதி குறைந்தவை, மிகவும் வறியவை என்று தரம் பிரித்தது. "சேரி" என்ற சொல்லை விட்டு "சேவைகள் குறைந்த குடியிருப்பு" என்று எழுதினார்கள். வெறும் சொல்தானே என்று தோன்றும். ஆனால் முதல் சொல் அங்கே இருக்கும் மனிதர்களைக் குறை சொல்கிறது; இரண்டாவது, சேவை கொடுக்க வேண்டியவர்களைப் பார்த்துக் கேட்கிறது.

அதன் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு கணக்கு எடுத்தது. 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் என்றது. அவர்கள் இன்னொன்றையும் அளந்தார்கள்: நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இருக்கும் இந்தக் குடியிருப்புகள் பிடித்திருக்கும் நிலம் எவ்வளவு என்று. ஏறத்தாழ 900 ஏக்கர்; நகரத்தின் மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. இதைக் கேட்டதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பாதி சனம் ஒன்பது பங்கு நிலத்தில் நெருங்கிக் கிடக்கிறதே, பாவம், என்றுதானே? திட்டம் போட்டவர்கள் நினைத்தது வேறு. இத்தனை பெறுமதியான நிலத்தை மீட்கலாமே என்பது அவர்களின் எண்ணம். அளந்தது ஒன்றுதான், அதை வாசித்த கண் வேறு.

2010க்குப் பின் வந்த நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்தின்கீழ் பன்னிரண்டு, பதினான்கு மாடிகள் உயர்ந்த கட்டடங்களுக்கு மக்களை மாற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன்னோடியாக 2001 இல் பொரளையில் 671 வீடுகளோடு சஹஸ்புர எழும்பியிருந்தது. கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் 2010 மே மாதம் வீடுகள் உடைக்கப்பட்டதும் அந்தக் காலத்துச் சங்கதிதான். மாடி வீட்டைப் பழித்துப் பேச நான் வரவில்லை. மழைக்கு ஒழுகாத கூரை, வீட்டுக்குள்ளேயே குழாய், கதவைப் பூட்டிக்கொள்ளக் கூடிய சொந்த மலசலகூடம் இவையெல்லாம் கிடைத்த பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். ஐந்து கேள்விக்கும் "ஆம்" போடத் தக்க வீடு.

ஆனால் அளவுகோலில் இல்லாதவை எத்தனை! ஆரம்பத்தில் கட்டப்பட்ட வீடுகள் 400 சதுர அடி அளவில்தான். தோட்டத்திலே ஒரே கதவிலக்கத்தின்கீழ் கீழ்வீட்டில் உம்மாவும், பலகை அடித்த மேல்தட்டில் மூத்த மகளும், பின்னால் இறக்கிய சாய்ப்பில் மகனும் என்று மூன்று குடும்பம் இருந்திருக்கும். ஒரு கதவிலக்கத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் மூன்று குடும்பமும் ஒரு மாடி வீட்டுக்குள் புகுந்த கதைகள் உண்டு. சில இடங்களில் வீட்டுக்காகப் பத்து இலட்சம் ரூபாய் வரை நீண்டகாலத் தவணையில் கட்டச் சொன்னார்கள். அதுவரை இருந்த வீட்டில் அந்தக் குடும்பம் சீட்டுப் பிடித்துச் சீட்டுப் பிடித்துப் போட்ட சீமெந்துக்கும் ஓட்டுக்கும் எவ்வளவு பெறுமதி என்று அளந்தவர் யார்? மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2016 இல், குடியேறிய மூன்று மாடிக் கட்டடங்களில் 1,222 குடும்பங்களைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. "முடுக்கு" என்று பெயர் சூட்டி அகற்றப்பட்டவற்றில் நிரந்தரமாகக் கட்டிய, மின்சாரமும் தண்ணீரும் இருந்த வீடுகளும் இருந்தன என்பதை அந்த நிலையம் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்திருக்கிறது.

வாசலில் அடுப்பு வைத்து அப்பம் சுட்ட பெண் ஒன்பதாம் மாடியில் யாருக்குச் சுட்டு விற்பாள்? அவளுடைய வாசல் அவளுடைய கடை. வீட்டை அளந்தவர்கள் கடையை அளக்கவில்லை. புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்கிறவருக்கு வீட்டின் முதல் வசதி, விடிகாலையில் நடந்து வேலைக்குப் போகக்கூடிய தூரம்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். மௌத்து எல்லா வீட்டுக்கும் வரும். பத்தாம் மாடியில் ஒரு ஜனாஸா என்றால், சந்தூக்கை லிஃப்டில் கிடத்தி இறக்க முடியுமா, குளிப்பாட்ட இடம் எங்கே, வருகிற சனம் எங்கே நிற்கும் என்று வரைபடம் போடும்போதே ஒருவர் கேட்டால் போதும். ஐ.நா.வின் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகளுக்கான குழு 1991 இல் போதிய வீடு என்றால் என்ன என்று விளக்கியபோது ஏழு விஷயங்களைச் சொன்னது. அவற்றில் ஒன்று வீடு அமைந்திருக்கும் இடம். இன்னொன்று அங்கே வாழ்பவர்களின் பண்பாட்டுக்கு அது பொருந்துவது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது, சகோதரிகளே. எண்ணும்போதுதான் விடுபட்டுப் போகிறது.

இடத்தை அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மீத்தொட்டமுல்லை. கொலன்னாவைப் பகுதியில், கொழும்பு நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டிக் கொட்டி மலையாகி, 2017 ஏப்ரல் 14 புத்தாண்டு தினத்தன்று அது வீடுகள் மேல் சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கும் குப்பைக்கும் கீழே போனார்கள். புதைந்தவற்றில் ஒழுங்கான கல்வீடுகளும் இருந்தன. கூரை உண்டா, சுவர் உண்டா, மின்சாரம் உண்டா என்று படிவம் நிரப்பியிருந்தால் எல்லாவற்றுக்கும் "ஆம்"தான்.

இப்போது காசுக் கணக்கு. கையெட்டும் விலை என்பதற்கு உலகமெங்கும் சொல்லும் விதி, வீட்டுச் செலவு வருமானத்தில் நூற்றுக்கு 30ஐத் தாண்டக் கூடாது என்பது. உதாரணத்துக்கு ஒரு குடும்பம். ஐந்து பேர். வாப்பாவும் மூத்த மகனும் சேர்ந்து மாதம் 100,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள். வாடகை 28,000. நூற்றுக்கு 28தானே, ஆகவே விதிப்படி இவர்களுக்கு வீடு கையெட்டும் விலையில் கிடைத்திருக்கிறது. ஆளுக்குப் பங்கிட்டால் 20,000. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடும் வறுமைக்கோடு 2024 இல் ஆளுக்கு 16,000 ரூபாயைத் தாண்டியே இருந்தது. கொழும்பு மாவட்டத்துக்கு அதைவிடக் கூட. 20,000 என்பது அதற்கும் மேலே. எனவே இவர்கள் ஏழைகளும் அல்லர். வாடகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள்: 72,000ஐ ஐந்தால் பிரித்தால் 14,400. இதில்தான் அரிசி, கறி, மின்சாரம், தண்ணீர், பஸ், டியூசன், மருந்து. அந்தக் கோட்டுக்குள்ளேயே வீட்டுச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கணக்கர்கள் சொல்வார்கள். உண்டுதான், ஆனால் 28,000 ரூபாய் வாடகையைத் தாங்கும் பங்கு அல்ல அது.

மாதம் ஐந்து இலட்சம் சம்பாதிப்பவர் இரண்டு இலட்சம் வாடகை கொடுத்தால் நூற்றுக்கு 40. விதிப்படி அவருக்குத்தான் வீடு கையெட்டவில்லை! மூன்று இலட்சம் மிச்சம் வைத்திருப்பவருக்காக யாரும் அழ வேண்டியதில்லை. வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதைவிட, போனபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதே சரியான அளவை என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் அடுக்களை டின்களைத் திறந்து பார்க்கும் எந்தப் பெண்ணும் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கும் அளவை அது.

முற்பணத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று வீட்டுக்காரர் கேட்கும் தொகைக்கு நகை அடகுக் கடைக்குப் போகிறது. மாதாமாதம் வட்டி. கணக்கெடுப்பவர் "வாடகை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் அந்த வட்டி கணக்கில் வராது. 2023 இல் சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும வந்தபோது 22 அளவுகோல்களால் குடும்பங்களைத் தரம் பிரித்தார்கள். வீட்டின் நிலையும் அவற்றுள் சேர்ந்தது. ஏராளமான குடும்பங்கள் மேன்முறையீடு செய்தன. அளவுகோல் வைத்தது தவறல்ல. ஆளைப் பார்த்துக் கொடுப்பதைவிட அது நூறு மடங்கு மேல். ஆனால் வாப்பாவின் காலத்தில் கட்டிய கல்வீட்டில் இருப்பவளுக்கு இன்றைக்கு அடுப்பெரிகிறதா என்பதை அந்தக் கல் சொல்லாது.

1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, மக்கள் கட்டிக்கொள்ளக் கைகொடுப்பது என்பது அதன் கொள்கை. வாழைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிரேமதாசவின் திட்டம் அது. 1987 ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அனுசரித்ததும் அவர் முன்வைத்த யோசனையினால்தான். நகரத்தில் கடன் உச்ச அளவு 15,000 ரூபாய். கூரைக்கு மட்டும், மலசலகூடத்துக்கு மட்டும் என்றும் எடுக்கலாம். சில குடியிருப்புகளில் இரண்டு பேர்ச்சஸ் நிலத்திலும் வீடு கட்ட அனுமதித்தார்கள். ஒழுங்கை எவ்வளவு அகலம் வேண்டும், குழாய் எங்கே வேண்டும் என்று அங்கே இருப்பவர்களையே கூட்டி வைத்துக் கேட்டார்கள். குறைகள் இருந்தன, கடன் திரும்பி வராத இடங்கள் பல. அந்தக் குடியிருப்புகளிலிருந்துதான் 1989 இல் ஏழைப் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடிச் சேமிக்கும் மகளிர் வங்கியும் முளைத்தது.

கராச்சியிலே ஒராங்கி என்றொரு பெரும் குடியிருப்பு. 1971க்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களும் வேறு பல இடத்தவர்களும் சேர்ந்து அரசாங்கத்தின் வரைபடத்தில் இல்லாமலே வளர்ந்த இடம். 1980 இல் கலாநிதி அக்தர் ஹமீத் கான் அங்கே போனார். வாய்க்கால் போட்டுத் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இருபது முப்பது வீடுள்ள ஓர் ஒழுங்கை ஒன்றுகூடி ஒருவரைப் பொறுப்பாகத் தெரிந்து வந்தால், அளந்து, வரைபடம் போட்டு, செலவு எவ்வளவு என்று சொல்லித் தருகிறோம். காசும் உழைப்பும் உங்களுடையது என்றார். வீட்டுக்குள் மலசலகூடம், ஒழுங்கைக்கு நிலத்தடிக் குழாய், அக்கம்பக்கத்துச் சேர்வாய்க்கால் இவை மக்களின் பொறுப்பு. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. அரசு ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவானது. ஒழுங்கையைப் பார்த்து ஒழுங்கை தொடங்கியது.

அங்கே 1980களில் சேர்ந்தவர் பர்வீன் ரஹ்மான், டாக்காவில் பிறந்த கட்டடக் கலைஞர். அவர் செய்த பெரிய வேலை வரைபடம் எழுதியதுதான். அந்தந்தக் குடியிருப்பு இளைஞர்களையே பழக்கி, எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு, குழாய் எங்கே ஓடுகிறது, கழிவு எந்த ஓடையில் விழுகிறது என்று தாளில் ஏற்றினார். அப்போதுதான் தெரிந்தது, அரசாங்கம் "ஒன்றுமில்லை" என்று எழுதிவைத்த இடங்களில் மக்கள் தாங்களே பெரும்பகுதியைப் போட்டு முடித்திருந்தார்கள் என்று. பின்னர் நகரத்தின் ஓரத்துப் பழைய கிராமங்களையும் வரைபடத்தில் கொண்டுவந்தார். பதிவில் இருக்கும் கிராமத்தை ஒரே இரவில் வளைத்து விற்க முடியாதல்லவா? தண்ணீரைக் களவாக இழுத்து பௌசரில் ஏற்றி ஏழைகளுக்கே விற்பவர்களின் வழியையும் வரைந்தார். 2013 மார்ச் 13 அன்று வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கையிலே அளவு நாடா வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பயந்திருக்கிறார்கள்.

மும்பாய் பைக்குல்லாப் பகுதியில், நடைபாதையில் குடிசை போட்டிருந்த பெண்களோடு சேர்ந்து ஸ்பார்க் என்ற அமைப்பு 1985 இல் நடைபாதை வாழ் மக்களை எண்ணியது. அதுவரை அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள். பின்பு அந்தப் பெண்களே மகிளா மிலன் என்று கூடி, தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று முழு அளவில் மாதிரி கட்டிப் பார்த்தார்கள். தரையில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் உயரத்தைக் கேட்டார்கள்: 14 அடி உயரம், நடுவே ஒரு மேல்தட்டு. பொறியியலாளர் எவருக்கும் அது முதலில் தோன்றவில்லை.

நம் ஊரில் ஒவ்வொரு ரமழானுக்கும் முன்பு பள்ளிவாசலில் பட்டியல் எழுதுகிறார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகள் எத்தனை. அவ்வளவுதான். அந்தக் கொப்பியில் இன்னும் நாலு கோடு இழுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? வாடகை போக மிஞ்சுவது, முற்பணக் கடன், குழாயடிக்கு நாளைக்கு எத்தனை நடை, மலசலகூடத்துக்கு எத்தனை குடும்பம். ஸகாத் பணத்தில் ஒருவருக்கு ஐயாயிரத்தைக் கொடுத்து அனுப்புவதா, அல்லது பத்துக் குடும்பத்துக்கு இரண்டு மலசலகூடம் கூடக் கட்ட வேறு நிதியைத் தேடுவதா என்று அப்போதுதான் பேச முடியும். எழுதுவதற்கு ஆண்களை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று உங்கள் ஊர் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். குழாயடி நேரம் அவர்களுக்குத் தெரியாது.

தொகைமதிப்புக்கோ வேறு கணக்குக்கோ அரசாங்க உத்தியோகத்தர் வருவது பெரும்பாலும் பகலில். பதில் சொல்பவர் நீங்கள்தான். அவர் "இந்த வீட்டில் எத்தனை குடும்பம்?" என்று கேட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு "ஒரே குடும்பம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுபவர்களைத்தான் அவர்கள் ஒரு குடித்தனமாக எண்ணுவார்கள். மேல்தட்டில் இருக்கும் மகள் வேறு அடுப்பு வைத்திருந்தால் அவளை வேறாகவே சொல்லுங்கள். அவளும் தன் வாயால் சொல்லட்டும். மின்சாரப் பற்றுச்சீட்டு, தண்ணீர்ப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி, அந்த விலாசத்தில் பிள்ளைக்குப் பாடசாலையிலிருந்து வந்த கடிதம் எல்லாவற்றையும் வருடவாரியாக ஒரு பைலில் போட்டு, வெள்ளம் வந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். பழையது என்று எதையும் கிழித்துப் போட வேண்டாம். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்று நாளை ஒருவர் கேட்கும்போது, அதற்குப் பதில் அந்தப் பைலில்தான் இருக்கும்.